காது கேட்காத பேட்

லிண்டி
9 ஜனவரி 2023

மதிப்பிற்குரிய சோமோயே அவர்களுக்கு,

இது சமாதானக் கடிதம் இல்லை. அப்படி நினைத்துக்கொண்டு கண்ணைக் கசக்க வேண்டாம். எனக்கு வீடியோ கேம் ஆடுகிற பேட் ஒன்று வேண்டும், அவ்வளவுதான். நீ டார் எஸ் சலாமில் கரியாக்கூ சந்தைக்குள்ளேயே வேலை பார்க்கிறாய். நான் லிண்டியில் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வேறு யாரிடம் கேட்பது? உயிர் இருக்கிறவரை இந்தத் தம்பியின் குரலைக் கேட்க மாட்டேன் என்றுதான் நீ சத்தியம் செய்தாய். என் எழுத்தைப் படிக்க மாட்டேன் என்று சொல்லவில்லையே. அதனால்தான் போன் செய்யாமல் பஸ் டிரைவரிடம் காகிதம் கொடுத்தனுப்புகிறேன்.

என் கேம் கடையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கிப் போட்டு, எமுலேட்டர் ஏற்றியிருக்கிறேன். சின்ன வயதில் துறைமுகத் தெருவில் வரிசை நின்று ஆடினோமே, அந்த ஆட்டங்கள் எல்லாம் இந்த ஒரு பெட்டிக்குள் அப்படியே வந்துவிடுகின்றன. பையன்கள் புது ஆட்டங்களை விட்டுவிட்டு இதற்குத்தான் அடித்துக்கொள்கிறார்கள். வழக்கம் பழைய வழக்கம்தான்: ஜெயித்தவன் உட்கார்ந்திருப்பான், தோற்றவன் பேட்டைத் தரையில் போடாமல், தன் கையாலேயே ஜெயித்தவன் கையில் கொடுத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். நோன்புப் பெருநாளுக்கு ம்ட்வாராவிலிருந்து நாசோரோ வருகிறான். போன வருஷம் சண்டை ஆட்டத்தில் அவனை மண்ணைக் கவ்வ வைத்தேன். இந்த வருஷம் பழி தீர்க்க வருகிறான்.

என் பேட்டுக்கோ காது கேட்கவில்லை. நெருப்புப் பந்து வீச வேண்டுமென்றால் இடது கட்டைவிரலைக் கீழே, சாய்வாக, முன்னால் என்று ஒரே உருட்டாக உருட்டி, வலது கையால் குத்து அமுக்க வேண்டும். உருட்டுகிறேன். என் ஆள் சும்மா குனிந்து நிமிர்கிறான், கீழே காசு தேடுகிற மாதிரி.

ஒயர் வைத்ததாக இருக்கட்டும். திசைப் பொத்தானின் விளிம்பு விரலுக்குத் தெரிய வேண்டும். பளபளப்பைப் பார்த்து ஏமாறாதே.

அம்மா நலம்.

ஷாவேஜி


டார் எஸ் சலாம்
15 ஜனவரி

ஷாவேஜி,

சத்தியத்தில் சந்து கண்டுபிடிக்க உன்னை விட்டால் ஆள் கிடையாது.

போன பெருநாளன்று பெண்வீட்டார் வந்திருந்தபோது, "கையிலதான் பொம்மை இருக்கே, இவனுக்கு எதுக்குப் பொண்டாட்டி" என்று நான் சிரித்துக்கொண்டு சொன்னது உண்மை. அதனால்தான் அவர்கள் எழுந்து போனார்கள் என்று ஊரெல்லாம் சொல்கிறாய். சொல்லிக்கொள். ஆனால் நீ திருப்பிச் சொன்னது? "புள்ள இல்லாத வீட்டுக்காரிக்குப் பொம்மைதான் கண்ண உறுத்தும்." பெரியவர்கள் அத்தனை பேர் முன்னால். உன் குரல் நினைவுக்கு வந்தால் அந்த வாக்கியமும் கூடவே வருகிறது. அதற்காகத்தான் அந்தச் சத்தியம்.

இனி வேலையைப் பேசுவோம். எங்கள் கடைக்கு எதிரே அதுமானி என்று ஒருவர் பேட் மட்டுமே விற்கிறார். ஒயர் இல்லாத ஒன்றை எடுத்தேன். "அது வேணாங்கக்கா. நீங்க அமுக்கிட்டு டீ குடிச்சிட்டு வந்தப்புறம்தான் அந்தாளுக்கு அடி விழும்" என்று பிடுங்கி வைத்துக்கொண்டார். ஒயர் வைத்த சாம்பல் நிறப் பேட் கொடுத்தார். பெட்டியில் அதுதான் இருக்கிறது. அம்மாவுக்கு ஏலக்காய் வைத்திருக்கிறேன். அதை நீ தின்றுவிடாதே.

சோமோயே


லிண்டி
24 ஜனவரி

சோமோயே அவர்களுக்கு,

ஏலக்காய் அம்மாவிடம் போய்ச் சேர்ந்தது. பேட் குப்பைக்குப் போய்ச் சேர வேண்டியது.

வலது பக்கம் அமுக்கினால் மேல் பக்கமும் சேர்ந்து அமுங்குகிறது. நடடா என்றால் குதிக்கிறான். பையன்களும் அதையேதான் சொன்னார்கள். "இது பேட்டா, தவளையா" என்று ஒருவன் கேட்டான். கடை முழுக்கச் சிரிப்பு. "கோமா!" என்று அதட்டினால்தான் இந்தக் குரங்குகள் நிறுத்துகின்றன.

அதுமானியிடம் சொல்: நான் கேட்டது நகல் இல்லை. பழைய பெட்டியோடு வந்த அசல் பேட்டைப் பிரித்து, உள்ளே ரப்பர் மாற்றி, கம்ப்யூட்டர் ஒயர் வைத்துக் கொடுக்கிற ஆட்கள் டாரில் இருக்கிறார்களாம். அப்படி ஒன்று வேண்டும். பெருநாளுக்கு முன் என் விரல் அதற்குப் பழக வேண்டும். நாசோரோ இப்போதே ஊரில் வாய் கிழியப் பேசுகிறானாம்.

இந்த முறை "அவர்களுக்கு" மட்டும்தான் போட்டிருக்கிறேன், "மதிப்பிற்குரிய" இல்லை. கவனித்தாயா?

ஷாவேஜி


டார் எஸ் சலாம்
2 பிப்ரவரி

ஷாவேஜி,

கவனித்தேன். அடுத்து "அவர்களுக்கு"வும் போய் வெறும் "ஏய்" வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

அசல் பேட் கிடைத்தது. அதுமானி என் கண்ணெதிரே பிரித்து, கழுவி, புது ரப்பர் வைத்து மூடினார். பிறகு என்னையே உட்கார வைத்து ஆடச் சொன்னார். கீழே, சாய்வாக, முன்னால், குத்து. மூன்றாவது தடவையே நெருப்பு பறந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் கைதட்டினார்கள். எனக்கே வெட்கமாகிவிட்டது. பொம்மை என்று சொன்ன வாயால் இதைச் சொல்கிறேன்: நன்றாகத்தான் இருக்கிறது.

இதற்குமேல் குறை சொன்னால் நீயே டாருக்கு வந்து தேடிக்கொள்.

சோமோயே


லிண்டி
11 பிப்ரவரி

சோமோயே,

சிரிக்காமல் படி.

நீ அனுப்பிய பேட் நல்ல பேட்தான். அதுதான் பயமாக இருக்கிறது. பையன்கள் எடுத்தால் சொன்னதைச் செய்கிறது. கரிமூட்டை சுமக்கிறவன் எடுத்தாலும் செய்கிறது. நான் எடுத்தால் மட்டும் செவிடாகிவிடுகிறது. நேற்று, பேட் பிடிக்கவே தெரியாத ஒருவனிடம் தோற்று, என் கையால் அவனுக்குப் பேட்டைக் கொடுத்தேன். கடையில் ஒருவனும் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம்.

"அண்ணே, பேட்டுக்குள்ள ஜின்னு இருக்கு. அதுக்கு உங்களப் புடிக்கல" என்கிறான் ஒருவன். நாசோரோதான் ஏதோ செய்து அனுப்பியிருக்கிறான் என்று பக்கத்து மீன்கடை அம்மா சொல்கிறாள். நான் இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. இருந்தாலும் ஷேக் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். தட்டில் குங்குமப்பூ மையால் ஓதி எழுதி, கழுவிய தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். குடித்தேன்.

அதற்குப் பலன் இருக்கிறது போலத்தான் தெரிகிறது. இரண்டு நாள் கழித்து, மரவள்ளி வெந்துகொண்டிருந்த பானை பொங்கிவிட்டது. துணி தேடிக்கொண்டு நிற்காமல் இடது கையால் அப்படியே பிடித்து இறக்கி வைத்தேன். அம்மா அலறிவிட்டாள். எனக்கு ஒன்றுமே சுடவில்லை! மறுநாள் கொப்புளம் வந்தது. அதுவும் வலிக்கவில்லை. பையன்கள் எனக்கு நெருப்புக்கை என்று பேர் வைத்துவிட்டார்கள். நெருப்புப் பந்துதான் வர மாட்டேன் என்கிறது, கையாவது நெருப்பாகட்டும்.

சொல், இது என்ன பேட்?

ஷாவேஜி


டார் எஸ் சலாம்
15 பிப்ரவரி

ஷாவேஜி,

பேட்டை உடனே திருப்பி அனுப்பு. இந்தக் கடிதம் கொண்டுவரும் டிரைவரிடமே கொடு.

பானையைப் பற்றி எழுதியதை நான் நாலைந்து தடவை படித்துவிட்டேன். கொப்புளம் வந்தும் எப்படி வலிக்காமல் இருக்கும்? அந்தக் கையில் சுண்டுவிரல் நேராக நீள்கிறதா? சட்டைப் பொத்தான் போட முடிகிறதா? தோலில் எங்காவது நிறம் மாறியிருக்கிறதா? கிண்டல் செய்யாமல் பதில் எழுது. ஒரு தடவையாவது நான் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்.

அம்மாவிடம் இதைக் காட்டாதே.

சோமோயே


லிண்டி
20 பிப்ரவரி

சோமோயே,

பேட் பெட்டியில் இருக்கிறது. ஜின்னையும் சேர்த்தே கட்டியிருக்கிறேன்.

நீ எப்போது டாக்டர் ஆனாய்? சுண்டுவிரல் கொஞ்சம் மடங்கித்தான் நிற்கிறது. வருஷக்கணக்காகப் பேட் பிடிக்கிறவன் கை அப்படித்தான் இருக்கும். பொத்தானை வலது கையால் போட்டுக்கொள்கிறேன். கட்டைவிரல் நுனி மரத்த மாதிரி இருக்கிறது. அதுவும் அமுக்கி அமுக்கித்தான். முழங்கைக்குக் கீழே தேமல் ஒன்று இருக்கிறது, அரிக்கக்கூட இல்லை. அந்த இடம் வியர்ப்பதில்லை என்பதைத் தவிர அதனால் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை.

போதுமா? நேராகப் பதில் சொல்லிவிட்டேன். நீ எதையோ மறைத்து வைத்துக்கொண்டு கேட்கிறாய். உன் கடிதத்தின் எழுத்து கோணலாக இருந்தது. உன் எழுத்து கோணலாகி நான் பார்த்ததே இல்லை.

ஷாவேஜி


டார் எஸ் சலாம்
26 பிப்ரவரி

தம்பி,

பேட் வந்தது. அதுமானி கம்ப்யூட்டரில் மாட்டி ஒவ்வொரு பொத்தானாக அமுக்கினார். பிறகு நான் ஆடினேன். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அவர், "அக்கா, பேட்டு நல்லாத்தான் கேக்குது. சொல்ற விரலுதான் சொல்லல" என்றார். பேட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் மாடியில் பஹாத்தி என்று ஒரு செவிலி குடியிருக்கிறாள். யாரென்று சொல்லாமல், உன் கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். பானை வரைக்கும் கேட்டவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். ஒரு சோதனை சொன்னாள். கண்ணை மூடிக்கொள். பஞ்சைத் திரித்து அந்தத் தேமல்மேல் யாராவது தொடட்டும். தொட்டது உனக்குத் தெரிகிறதா என்று பார்.

தெரியவில்லை என்றால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. ஷேக் வீட்டுக்கு இல்லை, ஆஸ்பத்திரிக்கு. அவள் சொன்ன பெயரை எழுத என் கை மறுக்கிறது. பையன்களை "கோமா!" என்று அதட்டுவாயே, நிறுத்துடா என்று. அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு "உ" சேர்த்துப் படி.

குணமாகிற நோய்தான் என்று அவள் அடித்துச் சொல்கிறாள். மாத்திரை இருக்கிறது, அரசாங்கமே தருகிறது என்கிறாள். எனக்கு ஆறுதலாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் கண்ணை மூடினால் தௌசி அத்தையின் கோப்பைதான் தெரிகிறது.

போ, தம்பி. என்மேல் உள்ள கோபத்தில் போகாமல் இருந்துவிடாதே.

சோமோயே


லிண்டி
8 மார்ச்

அக்கா,

உகோமா. நானே எழுதிவிட்டேன். தொழுநோய். இரண்டாம் தடவை எழுத மாட்டேன்.

கடைக் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, அம்மாவிடம் பஞ்சைக் கொடுத்தேன். ஏதோ விளையாட்டு என்று நினைத்தாள். "தொடும்மா" என்றேன். "தொட்டுக்கிட்டுதான இருக்கேன்" என்றாள். நான் இன்னும் காத்துக்கொண்டிருந்தேன், அக்கா. கண்ணைத் திறந்து பார்த்தால் பஞ்சு என் கைமேல் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முழங்கை நரம்பைப் பிடித்துப் பார்த்தார், கயிறு மாதிரித் தடித்திருக்கிறதாம். நோயின் பெயரைச் சொன்னார். எனக்கு "உகோமே" என்று காதில் விழுந்தது. உனக்கு நன்றாக வேண்டும் என்று திட்டுகிறார் என்று நினைத்து, "நான் என்ன சார் தப்பு பண்ணேன்?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார வைத்து, நோய்தான், தண்டனை இல்லை என்றார்.

முதல் மாத்திரைகளை அங்கேயே அவர்கள் பார்க்க விழுங்கினேன். மறுநாள் காலை சிறுநீர் சிவப்பாகப் போயிற்று. ரத்தம் என்று நினைத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாத்திரையின் சாயமாம். முன்னாடியே சொன்னார்களாம். நான் எதைக் கேட்டேன் அங்கே!

எனக்கு என்னைப் பற்றிய பயம் பாதிதான். பேட் என்பது என்ன சாமான், அக்கா? கையிலிருந்து கைக்குப் போகிற சாமான். நாள் முழுக்க என் கையிலிருந்து எத்தனை பையன்கள் வாங்கியிருப்பார்கள்! என் கையாலேயே கொடுத்திருக்கிறேனே. அது வழக்கம் என்று பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு. ஒவ்வொருவன் முகமும் வரிசையாக வருகிறது. கடையைப் பூட்டிவிட்டேன். எல்லாப் பேட்டையும் ஸ்பிரிட் ஊற்றித் துடைத்தேன், மேலே இருந்த எழுத்தெல்லாம் அழிகிற அளவுக்கு. இதே நோய் வந்த தௌசி அத்தையின் கோப்பையை மாமரத்து ஆணியில் தனியாக மாட்டியிருந்தார்களே. நாமிருவரும் அதன்மேல் கல்லெறிந்து விளையாடினோம். நீ ஒரு தடவை அடித்துவிட்டுக் கைதட்டினாய். அத்தை உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

உன்னிடம் இருக்கிற பேட்டை எரித்துவிடு. வெறுங்கையால் தொட்டாயா? நானே கட்டி அனுப்பினேன். ஜின்னையும் சேர்த்து என்று வேறு எழுதினேன். உனக்கு ஏதாவது ஆனால் என்னால் தாங்க முடியாது. அந்தப் பெருநாளன்று சொன்னதே போதும் எனக்கு, இதுவும் வேண்டாம்.

ஷாவேஜி


டார் எஸ் சலாம்
12 மார்ச்

தம்பி,

உன் கடிதத்தைப் படித்ததும் நான் முதலில் செய்ததைச் சொல்கிறேன். ஓடிப்போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். பிறகு வாளி பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். உன் கைக்காக அழுதேனா, என் கைக்காகவா என்று தெரியவில்லை. இதை மறைத்து உனக்கு எழுதப் பிடிக்கவில்லை.

பஹாத்தியை எழுப்பி, எல்லாவற்றையும் சொன்னேன், யாரென்றும் சொன்னேன். "பேட்டத் தொட்டா வராது, தட்டத் தொட்டா வராது. மருந்து சாப்பிடாதவங்களோட வருஷக்கணக்கா ஒரே வீட்ல ஒட்டி உறவாடினாத்தான் வரலாம், அதுவும் முக்கால்வாசிப் பேருக்கு வராது. மாத்திரை ஆரம்பிச்சிட்டாருல்ல? இனிமே அவர் யாருக்கும் குடுக்க மாட்டாரு" என்றாள். என் கையையும் முதுகையும் விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அம்மாவையும் ஆஸ்பத்திரியில் காட்டு. கடைப் பையன்களைப் பற்றிய பயத்தை அந்த டாக்டரிடமே கேள். ஒருவரையாவது பார்க்க வேண்டும் என்றால் அவர்களே சொல்வார்கள். நீயாக ராத்திரியும் பகலும் முகங்களை எண்ணிக்கொண்டிருக்காதே.

பேட்டை எரிக்கவில்லை. வேலை முடிந்து வந்து தினமும் அதில்தான் ஆடுகிறேன். இப்போது கட்டைவிரலில் தோல் உரிந்திருக்கிறது. எரிகிறது, தம்பி. எரிவதை நினைத்து இப்படி சந்தோஷப்படுவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

கோப்பையை நான் மறக்கவில்லை. கைதட்டியதையும்தான்.

சோமோயே


லிண்டி
1 ஏப்ரல்

அக்கா,

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நோன்பு திறக்கிற நேரத்தில், பெரிய தட்டில் எல்லோருக்கும் போல் எனக்கும் சேர்த்துக் கஞ்சியும் மீனும் வைத்தாள். நான் தனித்தட்டு எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனேன். ரொம்ப நாளாகவே அப்படித்தான் செய்கிறேன், வயிறு சரியில்லை என்று பொய் சொல்லிக்கொண்டு. "என்னடா வீட்டுக்குள்ளயே விருந்தாளி ஆயிட்ட?" என்றாள். அப்போது சொன்னேன். அம்மா எழுந்து வந்து என் தட்டிலிருந்ததைப் பெரிய தட்டில் கொட்டினாள். நாங்கள் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்தபின்தான் அழுதாள். அம்மாவையும் சோதித்துவிட்டார்கள், ஒன்றும் இல்லை.

விரலுக்காக நரம்பு வீக்கம் குறைக்கிற மாத்திரையும் தருகிறார்கள். உணர்ச்சி திரும்பினாலும் திரும்பும், திரும்பாமலும் போகும் என்றார் டாக்டர். கடைப் பையன்கள் விஷயத்தில் பயப்பட ஒன்றும் இல்லை என்று எழுதியே கொடுத்தார். அந்தக் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். ஆனாலும் கடையைத் திறக்க முடியவில்லை. சாவியை எடுக்கிறேன், பையன்கள் ஓடி வருகிறார்கள், நான் சந்தைக்குப் போகிறவன் மாதிரி நடந்துவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள். மீன்கடை அம்மா இப்போது காசை என் கையில் கொடுக்காமல் பலகைமேல் வைக்கிறாள்.

பெருநாளன்று நாசோரோ வருவான். நான் தோற்பேன். தோற்பது பெரிசில்லை. தோற்றபின் பேட்டை நீட்ட வேண்டுமே. நான் நீட்டி, எதிரே இருக்கிறவன் வாங்காமல் நின்றால்? கடை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, என் கை மட்டும் நீண்டபடி இருந்தால்? அதற்குத்தான் பயப்படுகிறேன், அக்கா. நோய்க்குக்கூட இவ்வளவு பயப்படவில்லை. உடம்பு சரியில்லை என்று அவனுக்குச் சொல்லி அனுப்பிவிடப் போகிறேன். கடையையும் யாருக்காவது கொடுத்துவிடலாம்.

ஷாவேஜி


டார் எஸ் சலாம்
16 ஏப்ரல்

தம்பி,

சொல்லி அனுப்பாதே. கடையைத் திற.

இந்தத் தடவை பெட்டியில் பேட் இல்லை. அதை நானே கொண்டு வருகிறேன். பெருநாளுக்கு முந்தின நாள் பஸ்ஸில் இடம் பிடித்துவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு நீ பதில் எழுத வேண்டாம். இன்று மாலையிலிருந்து என் போன் கையிலேயே இருக்கும். நீ பேசு. முதலில் எதையாவது சொல், என்ன வேண்டுமானாலும். பழைய வாக்கியத்தை நான் மறக்கப் பார்க்கிறேன். புதிதாக ஒன்று கேட்டால்தான் மறக்க முடியும்.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. மீன்கடை அம்மா என்ன சொல்வாள், பையன்களின் வீட்டார் சண்டைக்கு வருவார்களா என்று யோசித்துக்கொண்டேதான் டிக்கெட் எடுத்தேன். இருந்தாலும் கேள். பெருநாள் தொழுகை முடிந்ததும் கடையில் முதல் ஆட்டம் உனக்கும் எனக்கும். நாசோரோ அதற்கப்புறம். அவனும் நிற்கட்டும், பையன்களும் நிற்கட்டும், மீன்கடை அம்மாவையும் கூப்பிடு. இத்தனை நாள் ஆடிப் பழகியிருக்கிறேன், நீ தோற்பாய். பொம்மை என்று சொன்னவளிடம் தோற்பாய், வாய்விட்டுச் சிரித்துக்கொள்.

தோற்றதும், நம் கடை வழக்கப்படி, உன் கையால் என் கையில் பேட்டைக் கொடு. இடது கையால் கொடுப்பது மரியாதை இல்லை என்று அம்மா திட்டுவாள், திட்டட்டும். அந்தக் கையாலேயே கொடு.

துடைக்காமல் கொடு.

அக்கா